வீட்டில் ஏற்கனவே கிளிகள் இருக்க, இன்னொன்றை எடுக்கலாமா? திருகோணமலை வளர்ப்பாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு மூன்று கிளி வளர்க்கிற வீடு என்று ஊரில் ஒருமுறை பெயர் எடுத்துவிட்டால், அடுத்த கிளியைத் தேடி நீங்கள் போகத் தேவையில்லை. அது உங்களைத் தேடி வரும். உவர்மலையில் ஒரு குடும்பம் வெளிநாடு போகும், பாலையூற்றில் கிளி வளர்த்த பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கும், உப்புவெளியில் வீட்டுச் சொந்தக்காரர் சத்தம் தாங்காமல் வாடகைக்காரரோடு முறுகிக்கொண்டிருப்பார். தொலைபேசியில் வரும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"அண்ணை, நாங்கள் மாசக் கடைசியில வெளிக்கிடுறம். கிளியை யாரிட்டயும் குடுக்க மனம் வரேல்ல. உங்களிட்ட எண்டால் நல்லா இருக்கும்."

"சரி தம்பி, ஒருக்கா வந்து பாக்கிறன்."

பலரும் அகப்படுவது இந்தப் பதிலில்தான். பார்க்கப் போனால் தூக்கிக்கொண்டுதான் வருவீர்கள். கம்பியோரம் தலையைக் குனிந்து சொறியக் காட்டும் ஒரு கிளிக்கு முன்னால் நின்று யாரும் நிதானமாக யோசித்ததை நான் பார்த்ததில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் கிளியைப் பார்ப்பது கடைசிக்குக் கிட்டத்தான் வருகிறது. முடிவைச் சொல்ல வேண்டியவை வீட்டில் ஏற்கனவே இருக்கும் பறவைகள். "ரெண்டு நாள் தாங்கோ, வீட்டில கதைச்சிட்டுச் சொல்றன்" என்று சொல்லித் தொலைபேசியை வையுங்கள். அந்த இரண்டு நாளில் கீழே உள்ள முதல் ஐந்து படிகளைச் செய்யலாம்.

முதல் படி: தொலைபேசியிலேயே விசாரிப்பது

என்ன வகை, எத்தனை வயது, எங்கிருந்து வந்தது, காலில் வளையம் உண்டா, என்ன சாப்பிடுகிறது, யாரைக் கடிக்கும் என்பதெல்லாம் வழக்கமான கேள்விகள். இவற்றைவிட முக்கியமான ஒன்றை அநேகர் கேட்பதில்லை: அந்த வீட்டில் கடந்த ஆறு மாதத்தில் வேறு பறவை ஏதும் செத்ததா? புதிதாக ஏதும் வந்து சேர்ந்ததா? இதற்கு மழுப்பலான பதில் வந்தால் அவசரப்படாதீர்கள்.

அடுத்ததாக ஒரு காணொளி அனுப்பச் சொல்லுங்கள். கிளி பேசுகிற காணொளி வேண்டாம். கூட்டின் அடித்தட்டைக் காலையில் கழுவ முன்னர் எடுத்தது வேண்டும். எச்சத்தில் எதைப் பார்ப்பது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மூடிய உலோக வளையம் காலில் இருந்தால் அது நல்ல சகுனம். குஞ்சாக இருக்கும்போது மட்டுமே அதைப் பாதத்தின் வழியாக ஏற்றலாம், வளர்ந்த கிளிக்குப் போட முடியாது. ஆகவே அது காட்டில் பிடிக்காமல், வளர்ப்புக் கூட்டில் பிறந்த கிளி என்பதற்கு ஓரளவு சாட்சி. வளையம் இல்லாத பச்சைக்கிளி, "தம்பலகாமத்தில் ஒரு பொடியன் பொந்தில் இருந்து எடுத்துத் தந்தது" என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இலங்கையின் காடுகளில் ஐந்து வகைக் கிளிகள் உண்டு. அவற்றில் லேயார்ட் கிளியும் தொங்கு கிளியும் உலகில் வேறெங்கும் இல்லாதவை. காட்டுயிர்களுக்கென 1937ஆம் ஆண்டிலிருந்தே பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பொந்துக் குஞ்சு ஒன்றை நாம் ஏற்றுக்கொண்டால், அடுத்த வருடமும் அந்தப் பொடியன் அதே மரத்தில் ஏறுவான். ஏற்கனவே கையில் அகப்பட்ட குஞ்சென்றால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

ஆபிரிக்கச் சாம்பல் கிளி என்றால் கடதாசிகளையும் கேளுங்கள். 2017 ஜனவரியிலிருந்து அது, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் அட்டவணையில் இருக்கிறது. காட்டில் பிடித்ததை நாடுவிட்டு நாடு வியாபாரம் செய்ய முடியாது.

இரண்டாம் படி: எதற்காக எடுக்கிறீர்கள்?

"எங்கட கிளி தனிச்சுப்போச்சு, துணைக்கு ஒண்டு" என்பதுதான் அதிகம் சொல்லப்படும் காரணம். நான் அதிகம் சந்தேகிக்கும் காரணமும் அதுதான். மனிதரோடு ஒட்டி வளர்ந்த கிளிக்குப் புதுக்கிளி பல நேரம் போட்டியாளராகத்தான் தெரியும். தோளில் இருந்த இடம் பறிபோகிறதென்று அது உங்களையே கடிக்கத் தொடங்கலாம். அது தனித்துப் போனதற்குக் காரணம் உங்களுக்கு நேரமில்லாததென்றால், இன்னொரு கிளி வந்ததும் இருக்கிற நேரமும் பாதியாகும்.

இப்போது உள்ள பறவைகளில் ஏதாவது இறகைப் பிடுங்குகிறதா, ஓயாமல் கத்துகிறதா, இனப்பெருக்க வெறியில் மூலையையும் அலுமாரிக்கு அடியையும் தேடி நுழைகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அதைத் தீர்க்கும்வரை புதிது வேண்டாம். பிரச்சினையுள்ள வீட்டுக்குள் புதுக்கிளி வந்தால் பிரச்சினை இரண்டாகிறது.

"பரிதாபமாக இருக்கு, விட மனமில்லை" என்பது நேர்மையான காரணம். அதில் பிழையில்லை. ஆனாலும் மிச்சப் படிகளைத் தாண்டத்தான் வேண்டும்.

மூன்றாம் படி: அலகுக் கணக்கு

எந்த வகையோடு எந்த வகை சேரும் என்று நீண்ட அட்டவணைகள் கிடைக்கும். நான் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்வேன்: புதுக்கிளி ஒரு நொடியில் கோபப்பட்டால், பழைய கிளியின் கால் தப்புமா? பட்ஜி என்ற சின்னக் கிளி 30, 40 கிராம். கொண்டையுள்ள கொக்கடீல் 80 முதல் 100 கிராம். கழுத்தில் வளையக் கோடுள்ள ரிங்நெக் 110க்கு மேல். சாம்பல் கிளி 400, 500 கிராம். அந்த அலகு சும்மா எச்சரிக்கைக்குக் கடித்தாலும் பட்ஜிக்கு விரல் மிஞ்சாது. இப்படியான வீட்டில் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் திறந்துவிடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒன்று வெளியே வரும்போது மற்றது உள்ளே இருக்க வேண்டும், அதுவும் காலம் முழுக்க.

நிறை மட்டுமே கணக்கில்லை. ஆபிரிக்கன் லவ் பேர்ட் 50 கிராம்தான், ஆனால் தன்னிலும் பெரிய கொக்கடீலைத் துரத்தித் துரத்திக் காலைக் கடிக்கும். கொக்கடீல் சாதுவான சீவன், எதிர்த்து நிற்கத் தெரியாது. ரிங்நெக்கில் பெண்தான் ஆட்சி. ஆண் ஒன்று இருக்கும் வீட்டுக்குள் பெண் வந்தால் சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு யார் முதலில் போவதென்பது ஒரே வாரத்தில் மாறிவிடும். பட்ஜிகளில் பெண்கள் கூட்டுப் பெட்டிக்காக உயிர் போகும்வரை சண்டை பிடிப்பதுண்டு. கலந்து வளர்க்கும் வீட்டில் கூட்டுப் பெட்டியே வைக்காதீர்கள், சட்டியும் வேண்டாம். சோடியாக இருக்கும் லவ் பேர்ட்ஸோடு மூன்றாவதைச் சேர்ப்பதும் அநேகமாக வம்புதான்.

தூசியையும் கவனியுங்கள். கொக்கடீல், கொக்கட்டூ, சாம்பல் கிளி மூன்றும் உடம்பிலிருந்து வெள்ளைத் தூளை உதிர்க்கும். வீட்டில் மக்காவ் என்ற பெரிய கிளி இருந்தால், காற்றோட்டம் குறைந்த அறையில் இந்தத் தூள் அதன் நுரையீரலைக் கெடுக்கும். வீட்டில் இழுப்பு உள்ளவர்களையும் யோசியுங்கள்.

நான்காம் படி: தனியறை உண்மையில் தனியறைதானா?

என் கணிப்பில் முடிவைத் தீர்மானிப்பது இந்தப் படிதான். புதுக்கிளியை 45 நாள், ஆகக் குறைந்தது 30 நாள், பழைய பறவைகளிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும். ஒரே அறையில் மூலைக்கு மூலை வைப்பது பிரித்து வைத்ததாகாது. சிற்றக்கோசிஸ் (கிளிக் காய்ச்சல்), அலகு-இறகு நோய், பொலியோமா வைரசு போன்ற தொற்றுகள் காய்ந்த எச்சத்தின் தூசியிலும் இறகுத் தூளிலும் பயணம் செய்யும். பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத கிளியே அவற்றைக் காவிக்கொண்டு வரலாம். சிற்றக்கோசிஸ் மனிதருக்கும் தொற்றும். காய்ச்சல், தலையிடி, வறட்டு இருமல் என்று தொடங்கும். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் உள்ள வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

நம் ஊர் ஓட்டு வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. அறைக்கும் அறைக்கும் இடையிலுள்ள சுவர் கூரை வரை போகாது, மேலே திறந்தபடி இருக்கும். இல்லாவிட்டால் காற்றுக்கென்று பூக்கல் வைத்திருப்பார்கள். கதவைப் பூட்டினாலும் இரண்டு அறைக்கும் ஒரே காற்றுத்தான். அறையில் நின்று மேலே பாருங்கள். இடைவெளி தெரிந்தால் அது தனியறை இல்லை.

விறாந்தையில் வைக்கலாம் என்றால் காற்றின் திசையைப் பாருங்கள். வருட நடுப்பகுதியில் கச்சான் காற்று மேற்கு, தென்மேற்கிலிருந்து வீசும். கார்த்திகை, மார்கழியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். புதுக்கிளியின் கூடு எப்போதும் பழைய கூடுகளைத் தாண்டிக் காற்று போகும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆடியில் சரியாக இருந்த இடம் மார்கழியில் நேரெதிராகப் பிழைக்கும். விறாந்தைக் கூட்டுக்குப் பூட்டும் சின்னக் கண்ணிக் கம்பியும் கட்டாயம். பூனை, மரநாய், சாரைப்பாம்பு மூன்றுக்கும் நம் வளவுகளில் பஞ்சமில்லை.

என்னைக் கேட்டால், சிறந்த தனியறை பறவை வளர்க்காத ஒரு சொந்தக்காரர் வீடுதான். அக்கா வீட்டிலோ மாமி வீட்டிலோ ஒன்றரை மாதம் வைக்கக் கேளுங்கள். அதுவும் இல்லை, வீட்டிலும் இடமில்லை என்றால், அடுத்த படிகளை வாசிக்கத் தேவையில்லை. பதில் இப்போதைக்கு 'இல்லை'.

காலமும் பார்க்க வேண்டும். ஐப்பசி முதல் தை வரை மழையில் யன்னல்களைச் சாத்தி வைப்போம், ஈரத்தில் தீனி பூசணம் பிடிக்கும். தீபாவளி வெடியும் அந்த நேரத்தில்தான். புது இடத்தில் இருக்கும் கொக்கடீல் இருட்டில் வெடிச் சத்தம் கேட்டு மிரண்டு கூட்டுக்குள் அடித்துக்கொண்டு சிறகை உடைப்பதுண்டு. முடிந்தால் மாசிக்குப் பிறகு எடுங்கள். முடியாவிட்டால் இரவில் ஒரு சின்ன மின்குமிழை எரிய விடுங்கள்.

ஐந்தாம் படி: நேரம், காசு, வைத்தியர்

ஒன்றாக வெளியே விட முடியாத ஒவ்வொரு பறவைக்கும் நாளுக்கு ஒரு மணி நேரமாவது தனியாக வேண்டும். கழுவல், தீனி, தண்ணீர் வேறு. வேலைக்குப் போய் மாலை ஆறு மணிக்குத் திரும்புகிறவர் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கிளிகள் இருட்டியதும் உறங்க வேண்டியவை. ஆறிலிருந்து இருட்டுக்குள் எத்தனை பேரை வெளியே எடுக்க முடியும்?

காசென்றால் கிளி இலவசமாகவே வரலாம், கூடு இலவசமாக வராது. கடலோரத்தில் இருக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்: நாகம் (துத்தநாகம்) பூசிய கம்பிக் கூடு உப்புக்காற்றில் சீக்கிரம் வெள்ளைத் தூள் பூக்கும், பூச்சுக் கழரும். கம்பியில் அலகால் ஏறித் திரியும் கிளி அதை விழுங்கும். நாகம் கிளிக்கு நஞ்சு. புதுக் கம்பியை வினாகிரி தொட்ட தூரிகையால் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்துப் பாவியுங்கள். பூச்சுப் போகத் தொடங்கினால் கூட்டை மாற்றுங்கள். இந்தச் செலவு கொஞ்ச வருடத்துக்கு ஒருமுறை, கூட்டுக்குக் கூடு, வரும்.

தீனியையும் அப்படியே கணக்குப் பாருங்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் இறக்குமதிச் சாமான் கடைத் தட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போனதை எல்லோரும் பார்த்தோம். பெலட் என்ற இறக்குமதி உருண்டைத் தீனி மட்டும் தின்னும் கிளியை வைத்திருப்பது ஆபத்து. தினை, குரக்கன், முளைகட்டிய பயறு, முருங்கை இலை, பூசணி, கொய்யா, பப்பாசி எல்லாம் சந்தையில் கிடைக்கும். வெண்ணெய்ப்பழம் மட்டும் ஒருபோதும் கொடுக்க வேண்டாம், அது கிளியைக் கொல்லும். பழைய கச்சான் கடலையும் பூசணம் பிடித்திருந்தால் நஞ்சுதான்.

வைத்தியர் விஷயத்தில் நம் மாவட்டம் கொஞ்சம் கஷ்டம். அரச மிருக வைத்திய அலுவலகங்களின் அன்றாட வேலை மாடும் ஆடும் கோழியும். கிளி பார்க்கிற வைத்தியர் யார் என்பதைக் கிளி வர முன்னரே தொலைபேசியில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். பெரிய பரிசோதனை என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலை இருக்கிறது. கண்டிப் பக்கம் 180 கிலோமீற்றருக்குக் கிட்டப் பயணம். வெயிலில், வாகனத்தில், நோய்ப்பட்ட கிளியோடு. அந்தப் பயணத்தை வருடத்தில் ஒருமுறையாவது செய்யத் தயாரா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆயுளையும் மறக்காதீர்கள். கொக்கடீல் 15, 20 வருடம், ரிங்நெக் 25, 30 வருடம், சாம்பல் கிளி 40க்கும் மேல் வாழக்கூடியது. உங்கள் பிள்ளைகளும் ஒருநாள் வெளிநாடு போகலாம். அப்போது இதே தொலைபேசிப் பேச்சை நீங்கள் யாரோடு பேசப்போகிறீர்கள்?

ஆறாம் படி: இப்போது போய்ப் பாருங்கள்

வெறுங்கையோடு போங்கள், கூடு கொண்டு போகாதீர்கள். போகும்போது போட்ட சட்டையை வீட்டுக்கு வந்ததும் மாற்றிக் கைகழுவிவிட்டுத்தான் உங்கள் பறவைகளிடம் போக வேண்டும்.

முதலில் தூர நின்று பாருங்கள். நோயைக் கிளி மறைக்கும். ஆள் கிட்டப் போனதும் நிமிர்ந்து நல்ல பிள்ளையாக நிற்கும். ஆள் இல்லையென்று நினைக்கும்போது உப்பிக்கொண்டு கண்ணை மூடுகிறதா, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுகிறதா என்று பாருங்கள். கிட்டப் போய் மூக்குத் துளைகள், கண்ணோரம், பின்பக்க இறகு சுத்தமா என்று கவனியுங்கள். அலகைச் சுற்றித் தேன்கூடு மாதிரிப் பொருக்கு இருந்தால் அது சொறிப்பூச்சி. குணப்படுத்தலாம், ஆனால் தொற்றும். பிடிக்க விட்டால் நெஞ்சைத் தடவிப் பாருங்கள். நடு எலும்பு கத்தி விளிம்பாகக் கையில் குத்தினால் கிளி மெலிந்திருக்கிறது.

ஏழாம் படி: அந்த 45 நாள்

ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசு ஒன்று வாங்குங்கள். அதன்மேல் ஒரு சின்னக் கட்டையை நிறுத்திக் கிளியை ஏற்றப் பழக்குங்கள். காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, தீனி வைக்க முன், நிறையை எழுதுங்கள். ஒன்றிரண்டு கிராம் கூடிக் குறைவது வழமை. பத்தில் ஒரு பங்கு இறங்கினால், அதாவது 90 கிராம் கொக்கடீல் 81க்கு வந்தால், அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும்.

தட்டில் வெள்ளைத் தாள் விரியுங்கள், மணல் வேண்டாம். நல்ல எச்சத்தில் மூன்று பகுதி தெரியும்: சுருண்ட பச்சை அல்லது மண்ணிறக் கழிவு, அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்புப் பகுதி, சுற்றிக் கொஞ்சம் தெளிந்த நீர். அந்த வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ இளம்பச்சையாகவோ மாறினால் ஈரலில் கோளாறு இருக்கலாம். சிற்றக்கோசிஸிலும் இப்படி வரும். பீட்ரூட் கொடுத்துவிட்டுச் சிவப்பைக் கண்டு பதறாதீர்கள். தாளை எடுக்க முன்னர் தண்ணீர் தெளித்து நனையுங்கள், தூசி கிளம்பாது.

வேலைக்கு ஓர் ஒழுங்கு வையுங்கள்: பழைய பறவைகள் முதலில், புதியது கடைசியில். கிண்ணம், துணி, தும்புத்தடி எல்லாம் வேறுவேறு. நடுவில் நோய் ஏதும் தென்பட்டால், சுகமான நாளிலிருந்து கணக்கை மறுபடி தொடங்குங்கள். சத்தமும் இந்த நாட்களில்தான் தெரியவரும். கொனூர்க் கிளி ஒன்று விடியற்காலையில் கத்தத் தொடங்கினால் பக்கத்து வீட்டு மாமி என்ன சொல்கிறா என்பதும் முடிவில் ஒரு பங்கு.

எட்டாம் படி: அறிமுகம்

ஒரே அறையில் தூரமாக வைத்துத் தொடங்கி, சாப்பிடுவதும் உறங்குவதும் வழமைபோல நடந்தால் மெல்லக் கிட்டக் கொண்டுவாருங்கள். கூடுகளைத் தொட வைக்காதீர்கள். கம்பி வழியாகக் காலைக் கடிப்பது இந்தக் கட்டத்தில்தான் நடக்கும். தீனியும் கொஞ்சலும் பழையவற்றுக்கு முதலில்.

வெளியே விடும்போது யாருடைய கூடும் இல்லாத அறையாகப் பார்த்து விடுங்கள். மேல் விசிறி நிற்க வேண்டும், யன்னல் சாத்த வேண்டும், கண்ணாடியை மூட வேண்டும், அடுப்பில் ஒட்டாத சட்டி காயக்கூடாது. அது அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை நிமிடங்களில் கிளியைக் கொல்லும். பறவைகளைவிட இருக்கைகளும் கிண்ணங்களும் அதிகமாக இருக்கட்டும். ஒன்றுக்குச் சிறகு வெட்டி மற்றது பறக்கிறதென்றால், வெட்டியது வளரும்வரை பொறுங்கள். தப்பியோட முடியாத கிளியைச் சண்டைக்கு விட முடியாது.

இறகை உடம்போடு ஒட்டி, கழுத்தை நீட்டி, கண்மணி சுருங்கி விரிய ஒன்று மற்றதை நோக்கி நடந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், பிரித்து வையுங்கள். ஒன்று ஒதுங்கிப் போக மற்றது பின்னால் போகாமல் விட்டால் நல்லது. கடைசிவரை ஒரே கூட்டில் சேராமலே போகலாம். வேறுவேறு கூட்டில், வேறுவேறு நேரத்தில் வெளியே வந்து வாழும் கிளிகளுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கூடுதல் நேரம் உங்களிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

'இல்லை' என்று சொல்லும்போது

நான்காம் படியிலோ ஐந்தாம் படியிலோ நின்றுவிட்டால், கிளிக்காரரைக் கைவிட்டதாகாது. பறவையே இல்லாத வீடு ஒன்றைத் தேடிக் கொடுங்கள். அங்கே தனிமைப்படுத்தல் தேவையில்லை, நேரத்துக்கும் போட்டியில்லை. உங்கள் வீட்டைவிட அந்த வீடு கிளிக்கு நல்லதாகவே இருக்கலாம். எடுத்துப் பார்க்கிறேன் என்று சொல்பவரென்றால், மூன்று மாதத்தில் சரிவராவிட்டால் கிளி யாரிடம் போகும் என்பதை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கொடுப்பவர் நாட்டில் இருக்கும்போதே. கிளியோடு அதன் பழைய கூட்டையும் கட்டையையும் கிண்ணத்தையும், தின்னும் தீனியில் ஒரு மாதத்துக்கு வேண்டியதையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். இடம் மாறிய கிளிகள் முதல் சில நாள் சாப்பிடாமல் இருப்பதுண்டு. தெரிந்த கிண்ணத்தில் தெரிந்த தீனி இருந்தால் அந்தப் பட்டினி நீளாது.